வீட்டுக்குள் ஒரு மிளகாய் மரம்

கடைவாயாருக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகிறது. பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது. செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தடவித் தடவிப் பல்லாக்கி, சூளையில் சுட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். முன்பல் செய்கிறவர்களுக்கு அங்கே மவுசு அதிகம். பேச்சும் சிரிப்புமாக வெளிச்சமான மேஜைகளில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைவாய்ப் பற்கள் மொத்தமும் இவர் தலையில், மூலை மேஜையில்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. முன்பல் செய்கிறவர் தெருவில் யாராவது சிரிப்பதைப் பார்த்து, இது நம் கைவேலையாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டுமென்றால் எதிராளி வாயைப் பிளந்து கொட்டாவி விட வேண்டும். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் இவருக்குத் தெரியாது, அவர்களுக்கும் இவரைத் தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பெண் பார்த்தார்கள், தள்ளிப் போயிற்று, மறுபடி பார்த்தார்கள், அப்புறம் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு அக்கா. அவளும் விமானத்தில் போகிற தூரத்தில் இருந்தாள். வாரம் ஒருமுறை போன் பண்ணி, சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் கேட்க இவர் வாழ்க்கையில் என்ன இருந்தது? மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

மிளகாய் வந்து சேர்ந்தது தற்செயலாக. காய்கறிக்கடைக்காரர் ஒருநாள் கொசுறாக ஒரு கைப்பிடி மிளகாயைப் பையில் போட்டார். கடைவாயாருக்கு வயிற்றுப்புண். காரம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்குகிறவர். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதற்கு வாங்கிக்கொண்டு போவதே மேல் என்பது அவர் கட்சி. மிளகாய் ஜன்னல் விளிம்பில் கிடந்து காய்ந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு கொடி பட்டுப்போன தொட்டி வெறும் மண்ணோடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையில்லாமல், ஒரு மிளகாயைக் கிள்ளி விதையை அதில் உதறினார். மறந்தும் போனார். அது முளைத்தது.

மிளகாய்ச் செடி என்றால் நமக்கெல்லாம் ஒரே எண்ணம்தான். நட வேண்டும், காய்க்க வேண்டும், காய்த்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போட வேண்டும். பல வருஷம் வாழக்கூடிய செடி அது என்று சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு வயதாகும் வரை யார் விட்டுவைத்தார்கள்? கடைவாயாருக்கு விவசாயமும் தெரியாது, பிடுங்கிப் போட வேண்டும் என்பதும் தெரியாது. குளிர் காலத்தில் இலையெல்லாம் கொட்டிச் செடி சோர்ந்து நின்றபோது, பட்டுப்போன கிளைகளைக் கத்தரித்து விட்டார். குச்சி மட்டும் நின்றது. குளிருகிறதோ என்னவோ என்று ஜன்னலை விட்டுக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, எப்போதாவது அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். வெயில் திரும்பியதும் குச்சியின் கணுவெல்லாம் துளிர்த்தது. அன்றைக்கு அவர் வேலைக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போனார். அந்தக் கூடத்தில் அதற்கு முன் அவர் தாமதமானதே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு குளிருக்கும் வெட்டுவதும், ஒவ்வொரு வெயிலுக்கும் அது துளிர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. தண்டு விரல் கனமாகி, பிறகு கட்டைவிரலை விடப் பெருத்து, மேலே சாம்பல் நிறத்தில் பட்டை கட்டியது. செடி என்று சொல்ல வாய் கூசும், மரம்தான். அதன் விதையில் முளைத்த சின்னவை ஜன்னல் விளிம்பு முழுக்க நின்றன. அக்காவுக்குப் போனில் சொன்னபோது, வீட்டுக்குள் யாராவது மிளகாய் வளர்ப்பார்களா, அழகாக ஏதாவது பூச்செடி வைத்தால் என்ன என்று அலுத்துக்கொண்டாள். பூக்கிறது அக்கா, வெள்ளையாகப் பூக்கிறது என்று இவர் சொன்னார். அவள் மாத்திரை விசாரணைக்குப் போய்விட்டாள்.

பூத்தது உண்மைதான், ஆனால் ஆரம்பத்தில் காய்க்கவில்லை. முதல் இரண்டு வருஷமும் பூவெல்லாம் அப்படியே உதிர்ந்தது. மூடிய அறை, காற்று கிடையாது, தேனீ மூன்றாம் மாடி ஏறி வந்து கண்ணாடியைத் தட்டப்போவதில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து முடி கொட்டிப்போன, பீங்கான் தடவும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டு மகரந்தத்தைத் தடவினார். பகலெல்லாம் பல், காலையில் எழுந்ததும் பூ. கை என்னவோ ஒரே மாதிரிதான் போய் வந்தது. கொஞ்ச நாளில் பச்சையாகக் காய் எட்டிப் பார்த்தது. பழுத்துச் சிவந்தது. ஒன்றைக்கூட அவரால் தின்ன முடியாது. எவ்வளவு காய்க்கிறதோ அவ்வளவும் வெறுமனே பார்ப்பதற்கு. கேட்டால் பைத்தியம் என்பார்கள். நல்லவேளையாகக் கேட்க ஆளில்லை.

ஒரே ஓர் ஆள் கேட்டார். அவர்தான் பெட்டிக்காரர். டாக்டர்களிடமிருந்து அச்சுகளைப் பெட்டியில் வாங்கிவந்து கொடுத்து, தயாரான பற்களை எடுத்துப் போகிறவர். தினமும் சாயங்காலம் கூடத்தின் பின்பக்கம் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பெட்டி கைமாறும். ஜன்னல் மூலை மேஜைக்குப் பக்கத்தில் இருந்ததால் வாங்கிக் கொடுப்பது கடைவாயார் பொறுப்பு. பெட்டிக்காரருக்கு வாய் ஓயாது. முட்டி வலி, டாக்டர்களின் சண்டை, வீட்டில் மனைவி, மாமியார், மூன்று பெண்கள், ஒரே ஒரு குளியலறை என்று எல்லாவற்றையும் அந்த ஜன்னலில் கொட்டிவிட்டுத்தான் போவார். கடைவாயார் "ம்" என்பார். எப்போதாவது "ஓகோ" என்பார். அதுவே பெட்டிக்காரருக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் கடைவாயார் ஒரு காகிதப் பொட்டலத்தில் பழுத்த மிளகாயைச் சுற்றிக் காலிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மறுநாள் பெட்டிக்காரர் கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தார். அவருடைய மாமியார் அதைக் கடித்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தாராம். அந்த வீட்டில் அது ஒரு சரித்திரமாம். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். கடைவாயார் சிரித்தார். முன்பல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து காய்க்கிறபோதெல்லாம் பொட்டலம் போகும், மறுநாள் மாமியார் சேதி வரும். பெட்டிக்காரர் லீவு போட்டால் கடைவாயாருக்கு அன்றைய பல் ஒன்றாவது கோணலாகப் போகும். ஏன் என்று அவர் யோசித்ததில்லை.

குடலிறக்கம் என்று டாக்டர் சொன்னபோது கடைவாயாருக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயமில்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவர் தலையைக் குடைந்தது. கொளுத்துகிற வெயில் காலம். அந்தத் தொட்டிகள் ஒரு வாரம் தாங்காது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. செருப்புகளை மட்டும் தெரியும். முன்பல்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். இத்தனை பெரிய ஊரில், ஒரு சாவியைக் கொடுக்க ஓர் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். வலி விடவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் பெட்டியோடு சாவியையும் ஜன்னல் வழியே நீட்டினார். அன்றைக்கு அவர் பேசிய அளவு அந்த ஜன்னல் அதுவரை கேட்டதில்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், ஈரமாக இருந்தால் ஊற்றவே கூடாது. இலையடியில் பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பூவைப் பிரஷ்ஷால் எப்படித் தொட வேண்டும், எல்லாம் சொன்னார். பெட்டிக்காரர் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு, சாவியைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடைவாயார் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அப்படி ஒருவர் செய்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் என்றார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, அது வாரக்கணக்கில் இழுத்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குச் சாயங்காலமானால் ஒரு கூட்டமே வரும். மச்சான், சித்தப்பா, அந்த மச்சானுக்கு மச்சான் என்று நாற்காலி போதாமல் இவர் கட்டில் ஓரத்திலும் உட்காருவார்கள். "கொஞ்சம் காலை நகர்த்திக்கங்க" என்பார்கள், இவர் நகர்த்திக்கொள்வார். கூடத்து மேலாளர் முதல் நாள் வந்து சேர்க்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. பார்க்க வருகிற நேரம் முழுக்கக் கடைவாயார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டார். அப்படியென்றால் தலையை எதற்குக் கதவுப் பக்கம் வைத்துப் படுக்க வேண்டும்? பெட்டிக்காரருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தெரியும். எந்த வார்டு என்றும் தெரியும். ஒரு வயதான ஆயா வாளியும் துடைப்பமுமாகக் கட்டிலருகே வந்தபோது, உங்களுக்கு யாரும் இல்லையா என்று சும்மா கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று பெட்டிக்காரர் மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தார். முகம் செத்திருந்தது. சாவியைக் கையில் கொடுக்காமல் தானே கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

ஜன்னல் விளிம்பில் தொட்டிகள் வரிசையாக இருந்தன. சின்னவை எல்லாம் காய்ந்த நார். பெரியது மொட்டையாக, ஓர் இலைகூட இல்லாமல், வெளுத்த குச்சியாக நின்றது.

நடந்தது இதுதான். பெட்டிக்காரர் தினமும் வந்தார், விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார், பூவைத் தொட்டார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அந்தச் செடிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஒருநாளாவது நல்ல வெயிலைப் பார்க்கட்டும், சார் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று, ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொரு தொட்டியாக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வைத்தார். முட்டி வலிக்க வலிக்கத் தூக்கினார். வைத்துவிட்டுச் சொந்த வேலையாகப் போய்ச் சாயங்காலம் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் நிழலிலேயே வளர்ந்த இலை நேர் வெயிலைத் தாங்குமா? கொதிக்கிற தளத்தில் வேர் தாங்குமா? எல்லா இலையும் காகிதமாக வெளுத்திருந்தது. பதறிப்போய்க் கீழே கொண்டுவந்து தண்ணீராக ஊற்றினார். இரண்டே நாளில் எல்லாம் கொட்டிப்போயிற்று.

இதையெல்லாம் அவர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். கடைவாயாருக்கு வயிற்றில் தையல் இழுத்தது, அத்தனை சாயங்காலமும் பார்த்த கதவு கண்முன் நின்றது. அந்தக் கோபமெல்லாம் திரண்டு, செடியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தது.

"வெளியாள் கையில வீட்டுச் சாவியைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

குரலை உயர்த்தக்கூட இல்லை.  பெட்டிக்காரர் சாவியைக் கதவுப் பூட்டிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் படி இறங்கிப் போனார். எப்போதும் தரை அதிர நடக்கிறவர்.

கடைவாயார் மறுபடி வேலைக்குப் போன அன்று சாயங்காலம் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். காதில் ஏதோ மாட்டியிருந்தது. பெட்டியை வைத்தாள், பெட்டியை எடுத்தாள், போய்விட்டாள். மறுநாளும் அவளே. கடைவாயார் ஒருநாள் துணிந்து "வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிப் பார்த்தார். அவள் காதிலிருந்ததை எடுத்து "என்ன சார்?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அந்த ஜன்னல் அதன் பிறகு வெறும் ஜன்னல்தான்.

தனியாக இருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அதற்கு முன் அது தனிமை என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் சங்கடம். சாயங்காலம் நெருங்கினால் காது தன்பாட்டில் அந்த அதிர்கிற காலடியைத் தேடும். மாமியார் எப்படியிருக்கிறாரோ என்று தோன்றும். வீட்டுக்குப் போனால் மொட்டைக் குச்சி. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். ஆனால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தத் தொட்டியோ குழந்தை கனம். தூக்கிப் போட யாரையாவது கூப்பிட வேண்டும். யாரை? ஆகவே அது அங்கேயே நின்றது.

ஒரு காலையில் வெறும் பழக்கதோஷத்தில் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது, ஊற்றினார். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். மேலே எல்லாம் பழுப்பு. தண்டின் அடியில், மண்ணை ஒட்டிய இடத்தில், பட்டைக்கு உள்ளே பச்சை. கொஞ்ச நாளில் அங்கே கடுகளவு ஒரு முளை. அப்புறம் இன்னொன்று. குனிந்து பார்த்தவருக்கு நிமிர மனசில்லை. தையலையும் மறந்து முட்டி போட்டுப் பார்த்தார்.

சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தானே போன் பண்ணினார். அது நடக்காத அதிசயம். அவள் பயந்துபோய், என்ன ஆச்சு, வயிறா என்றாள். செடி துளிர்த்திருக்கிறது என்றார். ஓ, அதுவா, சரி சரி, மாத்திரை போட்டாயா என்றாள். போட்டேன் என்று சொல்லி வைத்தார். அதன் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தச் சேதியைக் கேட்டு உண்மையாகச் சந்தோஷப்படக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஆளைத்தான் வெளியாள் என்று சொல்லித் துரத்தியாகிவிட்டது. அவர் இப்போதும் எங்கோ, ஒரு மரத்தைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பெட்டி சுமந்துகொண்டிருப்பார்.  பெட்டிக்காரரின் நம்பர்கூட அவரிடம் இல்லை. தினமும் வந்து நிற்கிற ஆளுக்கு நம்பர் எதற்கு?

மறுநாள் அந்தப் பெண் பெட்டியை வைத்ததும், காதிலிருந்ததை எடுக்கச் சொல்லிக் கைகாட்டி, பழைய ஆள் எங்கே என்று கேட்டார். அவர் தானாகக் கேட்டு ரயில் நிலையத்துப் பக்கம், வேறொரு கூடத்துப் பெட்டிகளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அலைச்சல் ஜாஸ்தி, யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், ஏனென்று தெரியவில்லை என்றாள். கடைவாயாருக்குத் தெரியும்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். லீவு எதற்கு என்று மேலாளர் கேட்டதற்கு, ஒருத்தரைப் பார்க்கணும் என்றார். மேலாளர் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். ரயில் நிலையத்தைச் சுற்றி எத்தனை பல் டாக்டர்கள் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அவர் பல் செய்து கொடுத்திருக்கிறார். ஒருவர் வாசலையும் மிதித்ததில்லை. முதல் இடத்தில் மேஜைப் பெண், எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டாள். அடுத்த இடத்தில், உட்காருங்கள், நம்பர் வரும் என்றார்கள். தனக்குப் பல் வலி இல்லை, பெட்டி கொண்டுவருகிறவரைத் தேடுகிறேன் என்று சொன்னால், பெட்டி கொண்டுவருகிறவரா, அவர் பெயர் என்ன என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் பெயரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், நிறையப் பேசுவார் என்று அடையாளம் சொன்னார். நடப்பது சரி, ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டாரே அவர் என்றாள் அங்கிருந்த பெண்.

வெயில் சாய்கிற நேரத்தில், குறுகலான சந்து ஒன்றில், ஒரு பல் டாக்டர் வாசல் படிக்கட்டில் பெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அச்சு தயாராவதற்காகக் காத்திருந்தார் போலும். கடைவாயாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். இவர் கையமர்த்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஜன்னல் இடையில் இல்லாமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அதுவே முதல் தடவை. எங்கே பார்ப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"துளிர்த்துடுச்சு" என்றார் கடைவாயார்.

பெட்டிக்காரர் சட்டென்று திரும்பினார். "பெரியதா?"

"பெரியதுதான். அடியிலேர்ந்து வருது. சின்னதெல்லாம் போச்சு."

பெட்டிக்காரர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. கடைவாயார் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. அன்றைக்கு வலியில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எப்படியோ இழுத்து முடித்தார்.

அதில் தப்பு ஒன்றுமில்லை என்றார் பெட்டிக்காரர். கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

"நீங்க மட்டுமா சொன்னீங்க? ஆஸ்பத்திரியிலயும் அதைத்தானே கேட்டாங்க."

கடைவாயாருக்குப் புரியவில்லை. பெட்டிக்காரர் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். ஆபரேஷன் முடிந்த வாரமே அவர் பார்க்கப் போயிருந்தார். வாசலில் இருந்த ஆள், நோயாளிக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டிருக்கிறான். தெரிஞ்சவர் என்றிருக்கிறார். சொந்தக்காரங்களை மட்டும்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டான். அதற்கடுத்த வாரமும் போனார். அப்போதும் அதே கேள்வி. எதிரே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று மாடி ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"சொந்தம்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழல சார். அவன் மேல வந்து உங்ககிட்ட கேட்டு, அப்படி யாரும் எனக்கு இல்லன்னு நீங்க சொல்லிட்டா என்ன பண்றது?"

 கடைவாயாருக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மச்சானுக்கு மச்சானெல்லாம் வந்து தன் கட்டிலில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், கீழே ஒருவர் முட்டி வலியோடு மரத்தடியில் நின்றிருக்கிறார். அவன் மேலே வந்து கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். அன்றைக்கு அவரிடமும் பதில் இருந்திருக்காது. அதை நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

"உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

எதற்கு என்று புரியாமல், ஐம்பத்து நாலு முடியப் போகிறது என்றார் பெட்டிக்காரர்.

"எனக்கு அதுக்கு மேல. இனிமே எங்கேயாவது கேட்டா, தம்பின்னு சொல்லுங்க. மேல வந்து என்கிட்ட கேட்டாலும் கேட்கட்டும்."

உள்ளேயிருந்து, அச்சு தயார், எடுத்துக்கொண்டு போகலாம் என்று குரல் வந்தது. பெட்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சரிண்ணே" என்றார்.